கோட்டை யாருடையது? வாரிங்கா தொகுதி வழியாக ஓர் எளிய விளக்கம்

2019 மே 18 இரவு ஆஸ்திரேலியாவின் லிபரல் கட்சிக்கு ஒரே நேரத்தில் கொண்டாட்டமும் துக்கமும். தோற்றுவிடும் என்று கருத்துக்கணிப்புகள் மாதக்கணக்கில் சொல்லிவந்த அந்தக் கட்சியின் கூட்டணி, ஸ்காட் மாரிசன் தலைமையில் ஆட்சியைத் தக்கவைத்தது. அதே இரவில் கட்சியின் முன்னாள் பிரதமர் டோனி அபோட், 25 ஆண்டுகளாகக் கையில் வைத்திருந்த வாரிங்கா தொகுதியில் ஒரு சுயேச்சையிடம் தோற்றார். நூலிழைத் தோல்வியும் இல்லை. கடைசிக் கணக்கில் 57க்கு 43.

சிட்னியின் வடகரையில் கடலை ஒட்டி இருக்கும் இந்தத் தொகுதி 1922இல் உருவானது. அன்றிலிருந்து இன்றுவரை லேபர் கட்சி ஒருமுறைகூட இங்கே வென்றதில்லை. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், எதிர்க்கட்சி நுழையவே முடியாத கோட்டை. அந்தக் கோட்டை எப்படி விழுந்தது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ‘தொகுதி இடதுபக்கம் சாய்ந்துவிட்டது’ என்பது ஒன்று. ‘அபோட் என்ற ஆளை ஊருக்குப் பிடிக்காமல் போயிற்று, அவ்வளவுதான்’ என்பது இன்னொன்று. இரண்டாவதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே 2019ஐ முன்பின் நடக்காத அதிசயமாகப் பார்க்கின்றன. பதவியில் இருந்த ஓர் அமைச்சரை, அவர் கட்சிக் கொள்கையையே பேசிய சுயேச்சை ஒருவரை வைத்து இதே தொகுதி 1937லேயே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. ‘பாதுகாப்பான தொகுதி’ என்று அங்கே எதைச் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் இந்த இரண்டு தேர்தலும் ஒரே கணக்குதான் என்பது விளங்கும்.

ஊர் எப்படிப்பட்டது?

சிட்னித் துறைமுகத்தின் சர்க்குலர் கீ படகுத்துறையில் மான்லி ஃபெரி ஏறினால் அரை மணி நேரத்தில் தொகுதிக்குள் இறங்கிவிடலாம். இறங்கி, கோர்சோ என்ற கடைத்தெரு வழியாகச் சில நிமிடம் நடந்தால் மறுமுனையில் பசிபிக் பெருங்கடல். துறைமுகத்தைப் பார்த்தபடி பெரிய வீடுகள் நிற்கும் மோஸ்மனும், டாரோங்கா உயிரியல் பூங்காவும் இந்தத் தொகுதிதான். மோஸ்மனிலிருந்து மான்லிக்குச் சாலையில் போக ஸ்பிட் பாலத்தைக் கடக்க வேண்டும். பாய்மரப் படகுகள் போவதற்காக அந்தப் பாலம் குறித்த நேரங்களில் தூக்கப்படும். அதுவரை கார்கள் வரிசைகட்டி நிற்கும். அந்தப் பக்கம் ரயில் கிடையாது. சிட்னியில் தமிழர்கள் அதிகம் இருப்பது ஹோம்புஷ், வென்ட்வொர்த்வில், துங்காபி பக்கம். மான்லி நமக்கு ஊரிலிருந்து வந்த விருந்தாளிக்குக் கடல் காட்டக் கூட்டிப்போகும் இடம்.

இங்கே குடியிருப்பவர்களில் வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், நிதித்துறைக்காரர்கள், சொந்தத் தொழில் செய்பவர்கள் நிறைய. வரி கூடக் கூடாது, சொத்து மதிப்பு இறங்கக் கூடாது, அரசாங்கம் தொழிலில் அதிகம் தலையிடக் கூடாது என்ற மனநிலை. அரசியலில் பழமைவாதம் என்று இந்தக் கட்டுரை சொல்வது இதைத்தான்: பொருளாதாரத்தில் வணிகச் சார்பு, மாற்றத்தில் நிதானம். ஆஸ்திரேலியாவில் இந்த இடத்தில் நிற்பது, ராபர்ட் மென்சீஸ் 1944இல் தொடங்கிய லிபரல் கட்சி. அதற்கு முன் ஐக்கிய ஆஸ்திரேலியக் கட்சி, அதற்கும் முன் நேஷனலிஸ்ட் கட்சி. பெயர்ப் பலகை மாறினாலும் எதிரே நின்றது என்றும் தொழிற்சங்கங்கள் வளர்த்த லேபர்.

ஆனால் இதே மக்கள் கடற்கரை மணலில் கட்டடம் எழுப்பவும், மலைச்சரிவில் மரம் வெட்டவும் லேசில் விடமாட்டார்கள். கட்சி என்ன சொன்னாலும் ‘எங்கள் ஊருக்கு எது நல்லது’ என்று கேட்கும் பழக்கம் ஆழமாகவே இருக்கிறது. மாநிலச் சட்டமன்றத்தில் மான்லி தொகுதி 1991 முதல் 2007 வரை பீட்டர் மெக்டொனால்ட், டேவிட் பார் என்று அடுத்தடுத்து இரண்டு சுயேச்சைகளின் கையில் இருந்தது. அதில் மெக்டொனால்ட் 2001 நாடாளுமன்றத் தேர்தலில் அபோட்டையே எதிர்த்து நின்று பார்த்தார், தோற்றார்.

நம் தேர்தல்களில் சுயேச்சை என்றால் டெபாசிட் இழப்பவர், அல்லது பெயர்க் குழப்பத்துக்காக நிறுத்தப்பட்டவர் என்ற எண்ணம் இருக்கும். வாரிங்காவைப் படிக்கும்போது அந்த எண்ணத்தை ஓரமாக வைத்துவிட வேண்டும். அங்கே சுயேச்சை ஜெயிக்கக்கூடிய ஆள். காரணம், வாக்கு எண்ணும் விதி.

ஊட்டியா, கொடைக்கானலா, ராமேசுவரமா?

ஓர் அலுவலகத்தில் 20 பேர் சுற்றுலா போகிறார்கள். வேன் ஒன்றுதான், எனவே இடமும் ஒன்றுதான். 8 பேர் ராமேசுவரம் என்கிறார்கள், 7 பேர் ஊட்டி, 5 பேர் கொடைக்கானல். ‘அதிகம் பேர் கேட்டது எதுவோ அது’ என்று முடிவு செய்தால் வேன் ராமேசுவரம் போகும். இந்தியாவில் எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தல்கள் இப்படித்தான். ஆனால் 20 பேரில் 12 பேர் குளிர்ப் பிரதேசம்தான் கேட்டார்கள். எந்த மலை என்பதில் பிரிந்ததால் அவர்களுக்குக் கடல் கிடைக்கிறது.

இப்போது விதியை மாற்றுவோம். ஒவ்வொருவரும் ஓர் இடத்தை மட்டும் சொல்லாமல் 1, 2, 3 என்று வரிசை போட்டுத் தரவேண்டும். முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பது நீக்கப்படும். அதைக் கேட்டவர்களின் சீட்டுகள் அவர்கள் 2 என்று எழுதிய இடத்துக்குப் போகும். கொடைக்கானல் நீங்குகிறது, அந்த 5 சீட்டிலும் 2 என்று இருப்பது ஊட்டி. ஊட்டிக்கு 12, ராமேசுவரத்துக்கு 8. வேன் மலையேறுகிறது.

இதற்குப் பெயர் விருப்ப வாக்கு முறை. நமக்கு முற்றிலும் அந்நியமும் இல்லை. இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் 1969இல் வி.வி.கிரி வென்றது இரண்டாம் விருப்பங்களையும் எண்ணியபிறகுதான். இலங்கையின் 2024 ஜனாதிபதித் தேர்தலில் முதல் எண்ணிக்கையில் யாருக்கும் 50 சதவீதம் கிடைக்காமல், அந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக விருப்பு வாக்குகளை எண்ணினார்கள். ஆஸ்திரேலியாவின் கீழவைத் தேர்தல் இதிலும் ஒரு படி கறார்: வாக்காளர் எல்லாக் கட்டங்களிலும் எண் போட வேண்டும். ஒன்றை மட்டும் குறித்துவிட்டு வந்தால் செல்லாத வாக்கு.

ஆஸ்திரேலியாவுக்கு இந்த விதி வந்த கதை சுவையானது. 1918 அக்டோபரில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்வான் தொகுதியில் இடைத்தேர்தல். பழமைவாத வாக்கு நேஷனலிஸ்ட் கட்சிக்கும் விவசாயிகளின் வேட்பாளருக்கும் பிரிந்தது. மூன்றில் ஒரு பங்கை மட்டும் சற்றே தாண்டிய வாக்கோடு 22 வயது லேபர் இளைஞர் எட்வின் கார்பாய் எம்.பி. ஆனார். பதறிப்போன அரசாங்கம் அந்த ஆண்டு முடிவதற்குள் சட்டத்தை மாற்றிவிட்டது. தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டாலும் லேபர் நுழையக் கூடாது என்பதற்காகப் பழமைவாதிகளே கட்டிய வேலி இது. அந்த வேலியில் நூறு ஆண்டு கழித்து மாட்டியது யார் என்பதுதான் மீதிக் கதை.

இதுவரை பார்த்தது: வாரிங்காவில் மலை விரும்பிகள் பழமைவாத வாக்காளர்கள், கடல் விரும்பிகள் லேபர். மலைக்காரர்கள் பிரிந்து நின்றாலும் கடைசியில் ஒரு மலைதான் வெல்லும். எந்த மலை என்பதை இந்த விதி முன்கூட்டியே முடிவு செய்வதில்லை.

‘பாதுகாப்பு’ யாரிடமிருந்து?

ஆஸ்திரேலியத் தேர்தல் ஆணையம் தொகுதிகளை மூன்றாக வகைப்படுத்துகிறது. கடைசி இரண்டு வேட்பாளர்களுக்கு இடையிலான கணக்கில் வென்றவர் 56 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது ஊசலாடும் தொகுதி. 56 முதல் 60 வரை ஓரளவு பாதுகாப்பானது. 60க்கு மேல் பாதுகாப்பானது. 2016இல் அபோட் 61ஐத் தாண்டியிருந்தார். பட்டியலில் வாரிங்கா ‘பாதுகாப்பானது’.

கவனிக்க வேண்டியது, இந்த எண் ஒரு குறிப்பிட்ட சண்டையின் முடிவு. லிபரலும் அதற்கு இடதுபக்கத்தில் நிற்கும் கட்சியும் மோதினால் யார் ஜெயிப்பார் என்பதை மட்டும் சொல்கிறது. வேறொருவர் எதிரே வந்து நின்றால் என்ன ஆகும் என்பது அதில் இல்லை. 60 சதவீதம் பேர் மலைதான் வேண்டும் என்றால், கடலிடமிருந்து ஊட்டிக்குப் பாதுகாப்பு உண்டு, கொடைக்கானலிடமிருந்து கிடையாது.

அதே 20 பேரையே எடுத்துக்கொள்வோம். இந்த முறை ஊட்டிக்கு 9, கொடைக்கானலுக்கு 6, ராமேசுவரத்துக்கு 5. முதலில் நீங்குவது ராமேசுவரம். கடல் கிடைக்காது என்று ஆகிவிட்டபின் அந்த 5 பேரின் சீட்டுகளில் 2 என்று எது இருக்கிறதோ அதுதான் முடிவைத் தீர்மானிக்கும். வருஷா வருஷம் ஊட்டிக்கே இழுத்துப்போன கோபத்தில் ஐந்து பேரும் கொடைக்கானல் என்று எழுதியிருந்தால் 11க்கு 9 என்று ஊட்டி தோற்கும். ஜெயிக்கவே வாய்ப்பில்லாத சிறுபான்மையின் கையில் தீர்ப்பு வந்து விழுகிறது. ‘கோட்டை’ என்று பேசுபவர்கள் தவறவிடுவது இந்தச் சுற்றைத்தான்.

1937: முதல் முறை

தொகுதியின் முதல் எம்.பி. கிரான்வில் ரைரி, முதல் உலகப்போரில் குதிரைப்படைத் தளபதியாக இருந்தவர். 1927இல் லண்டனுக்கு ஹை கமிஷனராகப் போனார். அந்த இடைத்தேர்தலில் வந்த ஆர்ச்டேல் பார்க்ஹில் கட்சி அமைப்பிலேயே வளர்ந்தவர். 1934இல் பாதுகாப்பு அமைச்சராகவும் ஆனார். இப்படிப்பட்டவருக்கு இப்படிப்பட்ட தொகுதியில் என்ன பயம் இருந்திருக்கும்?

1937இல் பெர்சி ஸ்பெண்டர் என்ற வழக்கறிஞர் சுயேச்சையாக எதிரே நின்றார். கொள்கையில் பெரிய வேறுபாடு இல்லை; அவரும் அதே பழமைவாதப் பக்கத்து ஆள்தான். பார்க்ஹில் தோற்றார். அடுத்த ஆண்டே ஸ்பெண்டர் ஆளுங்கட்சியில் சேர்ந்துவிட்டார். போரின் நடுவில், 1944இல், போர் ஆலோசனைக் குழுவிலிருந்து விலக மறுத்ததற்காகக் கட்சி அவரை நீக்கியது. அதன்பின் லிபரல் கட்சி வந்ததும் அதில் இணைந்து மீண்டும் வென்றார். தொகுதி அவரைக் கைவிடவில்லை.

இவரை நாம் கூடுதலாகத் தெரிந்துவைத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. 1949 டிசம்பரில் வெளியுறவு அமைச்சரான ஸ்பெண்டர், 1950 ஜனவரியில் கொழும்பில் கூடிய காமன்வெல்த் வெளியுறவு அமைச்சர்கள் மாநாட்டுக்குப் போனார். அங்கே அவரும் இலங்கையின் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்தனவும் முன்னின்று பேசியதிலிருந்து உருவானது கொழும்புத் திட்டம். தெற்கு, தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்குத் தொழில்நுட்ப உதவியும் படிப்புக்கு உதவித்தொகையும் தரும் ஏற்பாடு. வெள்ளையர் அல்லாதவர்கள் குடியேற முடியாத காலத்தில் இலங்கை, மலேயா, சிங்கப்பூர் மாணவர்கள் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களுக்குள் வந்தது இந்த வாசல் வழியாக. திட்டத்தின் நோக்கத்தில் கம்யூனிச பயம் தூக்கலாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1951இல் அமெரிக்காவோடும் நியூசிலாந்தோடும் பாதுகாப்பு ஒப்பந்தம் முடிந்த சமயத்தில் ஸ்பெண்டர் அரசியலை விட்டு வாஷிங்டனுக்குத் தூதராகப் போனார். பின்னாளில் சர்வதேச நீதிமன்றத்தின் தலைவராகவும் இருந்தார்.

1969: எதிர்ப்பு தோற்ற கதை

ஸ்பெண்டருக்குப் பின் பேராசிரியர் பிரான்சிஸ் பிளாண்ட், அவருக்குப் பின் ஜான் காக்கிள். இந்த 15 ஆண்டுகளில் சொல்லும்படியாகத் தொகுதியில் எதுவும் நடக்கவில்லை.

1966இல் வந்த எட்வர்டு செயின்ட் ஜான் வேறு ரகம். 1964 பிப்ரவரியில் வாயேஜர் என்ற கடற்படைக் கப்பல், மெல்போர்ன் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் குறுக்கே வந்து மோதி இரண்டாகப் பிளந்து 82 பேர் இறந்தார்கள். விசாரணையில் உண்மை முழுதாக வெளிவரவில்லை என்று, 1967இல் தன் கன்னிப் பேச்சிலேயே, ஆளுங்கட்சி வரிசையில் நின்றுகொண்டு அவர் தாக்கினார். கன்னிப் பேச்சில் யாரும் குறுக்கிடுவதில்லை என்பது அவை மரபு. அதை மீறிப் பிரதமர் ஹெரால்டு ஹோல்ட்டே குறுக்கிட்டார். இரண்டாவது விசாரணை ஆணையம் அமைந்தது. 1969இல் பிரதமர் ஜான் கார்டனின் தனிப்பட்ட நடத்தை பற்றி அவையில் பேசி, கட்சியை விட்டு வெளியேறி, அந்த ஆண்டுத் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். லிபரல் வேட்பாளர் மைக்கேல் மெக்கெல்லரிடம் தோற்றார்.

இதை இங்கே சேர்ப்பதற்குக் காரணம், ‘வாரிங்கா எப்போதும் சுயேச்சைகளுக்கு வழிவிடும் ஊர்’ என்ற எதிர்ப்பக்க மிகைப்படுத்தலும் வேண்டாம் என்பதற்காக. நேர்மையான ஆள், அறிமுகமான முகம் என்பது மட்டும் போதாது. பழமைவாத வாக்கில் ஒரு பெரிய துண்டை உடைத்து எடுக்க வேண்டும். கூடவே லேபர் வாக்காளரின் கோபமும் அதே திசையில் இருக்க வேண்டும். கடைசி இருவரில் ஒருவராக வரமுடியாத சுயேச்சை எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் வாக்கு இன்னொருவருக்குத்தான் போய்ச்சேரும்.

ஒரே தொகுதி, இரண்டு படகுக் கொள்கைகள்

மெக்கெல்லர் 1969 முதல் 1994 வரை நீடித்தார். 1975இல் குடிவரவு அமைச்சர். அடுத்த ஆண்டே வியட்நாம் அகதிகளின் முதல் படகு டார்வின் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 2,000 பேர் படகில் வந்தார்கள். அவர்களை அன்றைய பிரதமர் மால்கம் ஃப்ரேசரின் லிபரல் அரசு ஏற்றுக்கொண்டது. முகாம்களிலிருந்து பல மடங்கு பேரை விமானத்திலும் கூட்டிவந்தது. அந்தக் காலத்தில் அந்தத் துறைக்குப் பொறுப்பு வாரிங்கா எம்.பி. (அவர் 1982இல் பதவி இழந்தது ஒரு டி.வி. பெட்டியால். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கலர் டி.வி.யைச் சுங்கத்தில் கறுப்பு வெள்ளை என்று எழுதிக்கொடுத்த விவகாரத்தில், அவரோடு இன்னோர் அமைச்சரும் ராஜினாமா செய்ய வேண்டியதாயிற்று. இன்றைய ஊழல் அளவுகோலில் சிரிப்பு வரும்.)

1994 இடைத்தேர்தலில் வந்தார் அபோட். லேபர் வேட்பாளரையே நிறுத்தவில்லை. அந்த அளவுக்கு அது ‘பாதுகாப்பான’ தொகுதி. இளமையில் பாதிரியார் ஆவதற்காக மான்லி மலைமேல் உள்ள புனித பேட்ரிக் குருமடத்தில் படித்து, பாதியில் விட்டு, பத்திரிகையாளராகி அரசியலுக்கு வந்தவர். 2009 டிசம்பரில் மால்கம் டர்ன்புல்லை ஒரே ஒரு வாக்கில், 42க்கு 41, வீழ்த்திக் கட்சித் தலைவரானார். அந்தச் சண்டையின் மையத்தில் இருந்தது கார்பன் வெளியேற்றத்துக்கு விலை வைப்பது பற்றிய கொள்கை. 2013 செப்டம்பரில் பிரதமர். 2014இல் கார்பன் வரியை நீக்கினார்.

‘படகுகளை நிறுத்துவோம்’ என்பது அவருடைய இன்னொரு முழக்கம். 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து கிளம்பிய ஒரு படகில் 157 இலங்கைத் தமிழர்கள் இருந்தார்கள். ஆஸ்திரேலியச் சுங்கக் கப்பல் அவர்களை நடுக்கடலில் மறித்து ஏற்றி ஏறத்தாழ ஒரு மாதம் கடலிலேயே வைத்திருந்தது. பிறகு நவ்ரூ தீவுக்கு அனுப்பினார்கள். அப்படி அடைத்துவைத்தது சட்டப்படி சரிதான் என்று நாட்டின் தலைமை நீதிமன்றம் 2015 ஜனவரியில் 4க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மெக்கெல்லரின் தொகுதியிலிருந்து வந்த பிரதமரின் ஆட்சியில்தான் இது நடந்தது. ஒரு தொகுதியை ‘பழமைவாதம்’ என்று முத்திரை குத்துவதால் அது எப்படிப்பட்ட எம்.பி.யை அனுப்பும் என்று தெரிந்துவிடாது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியாது.

விலகல் எங்கே தொடங்கியது?

2015 செப்டம்பரில் அபோட்டைக் கவிழ்த்து டர்ன்புல் பிரதமரானார். அபோட் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டு தன் பங்கு எதிர்ப்பைத் தொடர்ந்தார். 2017இல் ஒருபால் திருமணம் பற்றி நாடெங்கும் தபால் கருத்தெடுப்பு நடந்தபோது ‘வேண்டாம்’ பக்கத்தின் முன்னணி முகம் அவர்தான். அவருடைய தொகுதியில் 75 சதவீதம் பேர் ‘வேண்டும்’ என்றார்கள். தேசிய சராசரி 62க்குக் கீழே.

அந்த 75 சதவீதத்துக்குள் லிபரலுக்கே காலமெல்லாம் வாக்களித்துவந்தவர்கள் பெருமளவில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கூட்டல் பொருந்தாது. வரி, வியாபாரம் என்று வந்தால் கட்சியோடு, சமூக விஷயமும் பருவநிலையும் என்று வந்தால் எம்.பி.க்கு எதிராக. கடலோரம் வசிப்பவர்களுக்குக் கடல் மட்டம் உயர்வது செய்தித்தாள் விஷயமாக மட்டும் இருப்பதில்லை. ஆனால் இவர்கள் லேபருக்குக் குத்தப்போவதில்லை. போக ஒரு வீடு வேண்டுமே.

ஸாலி ஸ்டெகல் அந்த வீடாக வந்தார். 1998 நகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் வெண்கலம், அடுத்த ஆண்டு உலக சாம்பியன், பிறகு வழக்கறிஞர். பொருளாதாரத்தில் நிதானம், பருவநிலையில் நடவடிக்கை என்று பேசினார். ஊட்டி மீது சலித்துப்போனவர்களுக்குக் கடலுக்குப் போகாமலேயே வேறு மலை.

பச்சைச் சீட்டு எண்ணும் மேசையில்

ஆஸ்திரேலியாவில் வாக்களிப்பது கட்டாயம். காரணமில்லாமல் போகாவிட்டால் 20 டாலர் அபராதம். தேர்தல் எப்போதும் சனிக்கிழமை, பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில். வாசலில் சாசேஜ் சுட்டு விற்பார்கள், கட்சித் தொண்டர்கள் கையில் ஒரு சீட்டைத் திணிப்பார்கள். எங்கள் வேட்பாளருக்கு 1, அப்புறம் இப்படி இப்படி வரிசை போடுங்கள் என்ற யோசனைச் சீட்டு அது. ‘கட்சிகள் தங்களுக்குள் விருப்ப வாக்கை மாற்றிக்கொள்கின்றன’ என்று பலர் நம்புவது இதைப் பார்த்துத்தான். கட்சிக்கு அந்த அதிகாரம் இல்லை. கீழவைக்கான பச்சை நிற வாக்குச்சீட்டில் பென்சிலால் என்ன எண் போடுகிறீர்களோ அதுதான். யோசனைச் சீட்டைக் குப்பையில் போட்டுவிட்டும் வாக்களிக்கலாம்.

மாலை 6 மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும் அதே இடத்தில் எண்ணத் தொடங்குகிறார்கள். முதலில் 1 யாருக்கு என்று பிரித்து அடுக்குவார்கள். பிறகு, கடைசி இருவராக யார் வருவார்கள் என்று ஆணையம் முன்கூட்டியே ஊகித்து மூடிவைத்திருக்கும் இரண்டு பெயர்களைத் திறந்து, ஒவ்வொரு சீட்டிலும் இந்த இருவரில் யாருக்கு முன் எண் இருக்கிறது என்று பார்த்து இரண்டு குவியலாக்குவார்கள். அன்றிரவே முடிவு தெரிவது இதனால்தான்.

2019இல் வாரிங்காவில் முதல் விருப்பத்திலேயே ஸ்டெகலுக்கு 43 சதவீதத்துக்கு மேல், அபோட்டுக்கு 39. லேபரும் பசுமைக் கட்சியும் தலா 6, 7 சதவீதத்தில் நின்றன. முந்தைய தேர்தலில் வாங்கியதில் ஏறத்தாழ பாதி. நீக்கப்படும்வரை காத்திராமல் அந்தக் கட்சி வாக்காளர்களில் பலர் நேரடியாகவே ஸ்டெகலுக்கு 1 போட்டுவிட்டார்கள். மிச்சச் சீட்டுகளும் பெரும்பாலும் அவருக்கே வந்து 57 ஆனது.

57ம் 52ம்: இரண்டு எண்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

குழப்பம் உச்சத்துக்குப் போகும் இடம் இது. 57க்கு 43 என்பது இறுதி இருவர் கணக்கு: களத்தில் கடைசியாக நின்ற ஸ்டெகலுக்கும் அபோட்டுக்கும் இடையே பிரித்தது. தேர்தல் முடிந்தபின் ஆணையம் இன்னொன்றும் செய்கிறது. அதே சீட்டுகளை எடுத்து, லிபரல், லேபர் இரண்டில் எதற்கு முன் எண் என்று மட்டும் பார்த்துப் பிரிக்கிறது. இதற்கு இரு கட்சிக் கணக்கு என்று பெயர். வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பதில்லை. தொகுதியின் அடிப்படைச் சாய்வை அளக்க மட்டும்.

2019இல் வாரிங்காவின் இரு கட்சிக் கணக்கு: லிபரல் 52, லேபர் 48. அதாவது, அபோட் தோற்ற அதே நாளில், அதே சீட்டுகளின்படி, தொகுதி லேபரைவிட லிபரலையே விரும்பியது. முந்தைய 61லிருந்து 52க்கு இறங்கியது சின்ன விஷயமில்லை, எனவே சாய்வே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் ‘இடதுசாரித் தொகுதியாகிவிட்டது’ என்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்காமல் பேசுகிறார்கள்.

ஒரு வரியில்: ஸ்டெகல் ஜெயித்தது தொகுதியின் குணம் மாறியதால் மட்டும் அல்ல, லேபரை விரும்பாத, அபோட்டையும் விரும்பாத ஒரு பெரிய கூட்டத்தோடு, எப்படியும் ஜெயிக்க முடியாத லேபர், பசுமை வாக்காளர்கள் சேர்ந்ததால்.

வாரிங்காவுக்குப் பிறகு

கட்சிக்கு மாற்றாக உள்ளூர்க் குழுக்களே வேட்பாளரைத் தேடி நிறுத்தும் முறை வாரிங்காவில் பிறந்ததல்ல. 2013இல் விக்டோரியா மாநிலத்தின் இண்டி என்ற கிராமப்புறத் தொகுதியில் கேத்தி மெக்கோவன் 439 வாக்குகளில் லிபரலை வென்றது முன்னோடி. வாரிங்கா காட்டியது, பணக்கார நகரத் தொகுதியிலும் இது நடக்கும் என்பதை. 2022இல் சிட்னியில் மூன்று, மெல்போர்னில் இரண்டு, பெர்த்தில் ஒன்று என்று ஆறு லிபரல் கோட்டைகள் இதே கணக்கில் விழுந்தன. அதில் ஒன்றான மெல்போர்னின் கூயோங், மென்சீஸின் பழைய தொகுதி. இந்தச் சுயேச்சைகளை நீலமும் பச்சையும் கலந்த டீல் நிறத்தால் அழைக்கிறார்கள்: லிபரலின் நீலம், சூழலியலின் பச்சை.

சிட்னியில் வென்ற மூவரில் வென்ட்வொர்த் தொகுதியின் அலெக்ரா ஸ்பெண்டர், 1937இல் வாரிங்காவைச் சுயேச்சையாகப் பிடித்த பெர்சி ஸ்பெண்டரின் பேத்தி. இடையில் அவருடைய தந்தை ஜான் ஸ்பெண்டர் பக்கத்துத் தொகுதியான வடக்கு சிட்னியின் லிபரல் எம்.பி.யாக இருந்து, 1990இல் டெட் மேக் என்ற சுயேச்சையிடம் தோற்றவர். தாத்தா சுயேச்சையாக வென்றார், மகன் சுயேச்சையிடம் தோற்றார், பேத்தி சுயேச்சையாக வென்றார்.

ஸ்டெகல் 2022இல் ஏறத்தாழ 61 சதவீதத்தோடு வென்றார். திருநர்களைப் பற்றிய பழைய பதிவுகளால் சர்ச்சையில் மாட்டிய வேட்பாளரை லிபரல் கட்சி நிறுத்தியது அவருக்கு வசதியாகப் போயிற்று. 2024 எல்லை மறுவரையறையில் வடக்கு சிட்னி தொகுதியே இல்லாமல் போய், அதன் ஒரு பகுதி வாரிங்காவோடு சேர்ந்தது. 2025இலும் ஸ்டெகல்தான். ஆணையத்தின் அளவுகோலை 2022 முடிவின்மேல் வைத்தால் வாரிங்கா மறுபடியும் ‘பாதுகாப்பான’ தொகுதி, இந்த முறை ஒரு சுயேச்சைக்கு. அந்தப் பாதுகாப்பும் பழையதைப் போலத்தான்: எதிரே லிபரல் நின்றால் செல்லும், லேபரும் பசுமைக் கட்சியும் பின்னால் நிற்கும்வரை செல்லும். மிதமான லிபரல் ஒருவர் பருவநிலைக் கொள்கையோடு வந்து நின்று, ஸ்டெகலும் ஓய்வு பெற்றால் கணக்கை முதலிலிருந்து போட வேண்டியிருக்கும்.